வாட்டம் விட்ட அறை

எங்கள் கம்பெனியில் புதிதாகச் சேர்பவருக்கு முதல் நாளே இரண்டு பொருள்கள் கொடுப்போம். ஒன்று கம்ப்யூட்டர். இன்னொன்று, நான்காக மடித்த அட்டைத் துண்டு. அட்டை எதற்கு என்று யாரும் விளக்க மாட்டோம். மதியத்துக்குள் அவருக்கே புரிந்துவிடும். காலையில் மேசையை ஒட்டி உட்கார்ந்தவர், மதியம் மேசையை எட்ட முடியாத தூரத்தில், ஜன்னலோரமாக, கைகளை மட்டும் தட்டச்சு செய்யும் நிலையில் நீட்டியபடி இருப்பார். பிறகு எழுந்து வந்து, நாற்காலிச் சக்கரத்தின் அடியில் அட்டையைச் செருகிக்கொள்வார். அத்துடன் பயிற்சிக் காலம் முடிந்தது.

இப்போது நாங்கள் இருப்பது ஒரு பெரிய சிப் கம்பெனியின் கட்டடத்தில். இங்கே சேர்பவர்களுக்கு வாரக்கணக்கில் பயிற்சி கொடுக்கிறார்கள், அட்டை கொடுப்பதில்லை. நாற்காலி வைத்த இடத்திலேயே இருக்கிறது. எனக்குத்தான் இன்னும் பழகவில்லை. மேசையில் பேனாவை வைத்தால், அது ஓடிவிடாமல் இருக்க இடது கை தானாகப் போய் அணை கட்டுகிறது. பக்கத்து மேசைக்காரர் இதைப் பார்த்துவிட்டு, எனக்கு ஏதோ நரம்புக் கோளாறு என்று நினைத்து, பரிவோடு நடந்துகொள்கிறார். நானும் மறுக்கவில்லை. பரிவு எந்த ரூபத்தில் வந்தாலும் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

பழைய அறை ஒரு டைல்ஸ் கடையின் மேல்மாடியில் இருந்தது. நீளமான ஒரே அறை. வாசல் ஒரு கோடியில், ஜன்னல் மறு கோடியில். நடுவில் எங்கள் எட்டுப் பேரின் மேசைகள், ஒரு ஸ்டூல், முக்காலியில் ஒரு கேமரா, மூலையில் உடைந்த பொருள்களைக் கொட்டும் டிரம். வெளியே போர்டில் கம்பெனியின் பெயர் இருந்தது. ஆனால் அந்தத் தெருவில் எல்லோரும் எங்களை ‘மேல போட்டு உடைக்கிறவங்க’ என்றுதான் சொல்வார்கள். அது போர்டில் இருந்ததைவிடத் துல்லியமான விவரம்.

விழுவதுதான் எங்கள் தொழில். வீடியோ கேமில் ஒருவன் சுவரை உதைத்தால் செங்கல் எந்தப் பக்கம் சரிய வேண்டும், பீப்பாய் படிக்கட்டில் எத்தனை முறை குதிக்க வேண்டும், சுடப்பட்ட வில்லன் விழும்போது கை முதலில் மடங்குமா, கால் முதலில் மடங்குமா என்பதையெல்லாம் கணக்குப் போட்டுச் சொல்லும் மென்பொருள் ஒன்றை நாங்கள் எழுதினோம். கேம் கம்பெனிகள் அதை வாங்கித் தங்கள் கேமுக்குள் வைத்துக்கொள்ளும். விளையாடுபவர்களுக்கு நாங்கள் இருப்பதே தெரியாது. ஏதாவது ஒன்று சரியாக விழாதபோதுதான் எங்கள் நினைவு வரும். வீட்டில் மருமகன்களுக்கு நடப்பது போல.

கணக்கு அண்ணியுடையது. அண்ணி என்றால் என் சொந்த அண்ணி, கம்பெனியை ஆரம்பித்தவர். விழவைப்பது அண்ணனுடைய பொறுப்பு. நிஜத்தில் விழாத எதையும் மென்பொருளில் விழவைக்கக்கூடாது என்பது அங்கே சட்டம். தட்டு, நாற்காலி, பழைய டயர், மூட்டை அரிசி என்று எதுவானாலும் முதலில் அண்ணன் அதைத் தூக்கிக்கொண்டு ஸ்டூலில் ஏறுவார். கேமரா ஓடும். போடுவார். அப்புறம் அந்தப் படத்தைத் திரையின் ஒரு பாதியிலும், எங்கள் மென்பொருளின் விழுகையை மறு பாதியிலும் ஓடவிட்டு, இரண்டும் அச்சு அசலாக ஒன்றாகும் வரை மென்பொருளின் எண்களைத் திருகிக்கொண்டே இருப்போம். மற்ற தம்பதிகள் வீட்டில் கோபம் வந்தால் தட்டை எறிவார்கள். எங்கள் அண்ணனும் அண்ணியும் அதை அலுவலக நேரத்தில் சம்பளத்துக்குச் செய்தார்கள். அதனாலோ என்னவோ, வீட்டில் ஒரு தம்ளர்கூட நசுங்கியதில்லை.

திருகும் வேலை மோதலுடையது. இரண்டு பொருள்கள் மோதினால் என்ன ஆகும் என்பதை எழுதுபவர் என்பதால் அந்தப் பெயர். ஆள் பரம சாது. வாசலில் எதிரே யாராவது வந்தால், “நீங்க போங்க” என்று ஒதுங்கி, அவர்களும் ஒதுங்க, டீ ஆறும்வரை நின்றுகொண்டிருப்பார்.

நான் துணிப்பிரிவு. கொடி, திரைச்சீலை, கதாநாயகியின் பாவாடை, பிணத்தின் மேல் போர்த்தும் போர்வை எல்லாம் நான் எழுதியவை. எல்லோரும் என்னை ஜவுளி என்று கூப்பிட்டார்கள். அம்மா சொந்தக்காரர்களிடம் நான் துணி வியாபாரத்தில் இருப்பதாகவே சொல்லிவந்தார். விளக்கிச் சொல்வதைவிட அது சுலபம். பெண் பார்க்கவும் தோதாக இருந்தது.

அண்ணி இத்தனையையும் ஆரம்பித்தது தண்ணீருக்காக. சின்ன வயதில் குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர் தரையில் விழுந்து வழி தேடி ஓடுவதையே பார்த்துக்கொண்டிருந்து, வீட்டுத் தொட்டியைக் காலி செய்து, முதுகில் வாங்கிக்கட்டிக்கொண்டவர் அவர். அதே தண்ணீரைக் கணக்காக எழுத வேண்டும். திரையில் ஒரு வாளியைக் கவிழ்த்தால் அது ஓட வேண்டும். அவ்வளவுதான் ஆசை. சங்கடம் என்னவென்றால், தண்ணீர் என்பது கணக்கில்லாத துளிகள். ஒவ்வொரு துளியும் பக்கத்துத் துளியை இடிக்கும். எங்கள் கம்ப்யூட்டருக்கு ஒரு கைப்பிடித் துளிகளைத் தாண்டினாலே மூச்சு வாங்கும். விசிறி ஊளையிடும். அப்புறம் திரை கறுத்துவிடும். செங்கல்லும் பீப்பாயும் விற்று வந்ததை வைத்து, அண்ணி வருஷக்கணக்காக அந்தக் கைப்பிடித் துளிகளையே உருட்டிக்கொண்டிருந்தார்.

அந்தக் காலத்தில் எங்கள் கேம்களில் நீங்கள் பார்த்த கடல், ஏரி, குளம் எல்லாம் என் துணிதான். நீலச் சாயம் போட்டு, நாலு மூலையிலும் இழுத்துக் கட்டி, அடியிலிருந்து லேசாக ஊதிவிடுவேன்.

அண்ணி பின்னால் வந்து நின்று பார்ப்பார். “நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா இதுல கால் வச்சா நனையுமா?”

“கேம்ல யாருக்கு அண்ணி நனையப்போகுது?”

“எனக்கு நனையணும்” என்பார்.

அப்படிப்பட்ட சமயத்தில்தான் சிப் கம்பெனி எங்களை வாங்க வந்தது. அவர்கள் செய்வது கிராஃபிக்ஸ் கார்டு. அதற்குள் ஆயிரக்கணக்கான குட்டிக் கணக்குப்பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். திரையில் ஒரு புள்ளிக்கு என்ன நிறம் என்பதை மட்டும் ஆளுக்கொன்றாகப் பார்த்துச் சொல்வது அவர்கள் வேலை. தனித்தனியாக எடுத்தால் ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது. மொத்தமாக எடுத்தால் மேதை. எங்கள் காலேஜ் பரீட்சை ஹாலைப் போல. இவ்வளவு பேர் இருக்கும்போது, நிறத்தோடு சேர்த்துச் செங்கல் விழும் கணக்கையும் அவர்களே போடட்டுமே என்று அந்தக் கம்பெனிக்குத் தோன்றியிருக்கிறது. அதற்கு ஆயத்தமாக ஒரு மென்பொருள் வேண்டும். எங்களுடையது இருந்தது.

போனில் அண்ணி கேட்டது ஒரே கேள்விதான். “உங்க கார்டுல ஒரே சமயத்துல எத்தனை துளி ஓடும்?”

மறுமுனையில் என்ன துளி என்று கேட்டிருக்க வேண்டும். விளக்கினார். பதிலைக் கேட்டுவிட்டு போனை வைத்தார். வெளியே போய்ப் படிக்கட்டில் கொஞ்ச நேரம் தனியாக உட்கார்ந்திருந்தார். திரும்பி வந்து, “வித்துடலாங்க” என்றார்.

அண்ணனுக்கு மனசில்லை. “அங்க போனா என்னை ஸ்டூல் மேல ஏறி தட்டு போட விடுவாங்களா?”

“விடுவாங்க.”

“கேட்டியா?”

“அதை எப்படிங்க போன்ல கேக்கிறது? இவரு தட்டு போடுவாருன்னு?”

“மூட்டை அரிசின்னாவது சொல்லியிருக்கலாம்.”

“லட்சம் துளிங்க” என்றார் அண்ணி. “சாதாரணமா ஓடுமாம்.”

அண்ணன் அவர் முகத்தைப் பார்த்தார். அன்று மாலை ஒரு தட்டைக் கூடுதலாகப் போட்டார்.

கையெழுத்துக்கு முன்னால் மென்பொருளைச் சோதிக்க அந்தக் கம்பெனியிலிருந்து ஒருவர் வந்தார். நாங்கள் அவரை மேடம் என்று கூப்பிட்டோம். அவர் அண்ணியை மேடம் என்று கூப்பிட்டார். அண்ணியும் திருப்பி மேடம் என்றார். அன்று அந்த அறையில் மரியாதைக்குப் பஞ்சமே இல்லை. யாரைக் கூப்பிடுகிறார்கள் என்பதுதான் தெரியவில்லை.

மேடம் நன்றாக உடுத்தி, குறைவாகப் பேசி, எல்லாவற்றையும் பார்க்கிற ரகம். சுவர் இடிவதைப் பார்த்தார், தலையாட்டினார். பீப்பாய் படி இறங்குவதைப் பார்த்தார், தலையாட்டினார். என் திரைச்சீலையைக்கூட ஒரு கணம் ரசித்தார். அப்புறம் மென்பொருளில் தட்டையான ஒரு வெறும் தரையைப் போட்டு, நடுவில் ஒரு பந்தை வைத்துவிட்டு, டீயை எடுத்துக் குடித்தார். நாங்களும் குடித்தோம். டீ பாதி முடிவதற்குள் பந்து கிளம்பிவிட்டது. யாரையும் கேட்காமல், அவசரமில்லாமல், திரையின் ஒரு பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது.

“உருளுதே” என்றார் மேடம்.

“உருளும் மேடம்” என்றார் மோதல், பெருமையாக.

“ஏன் உருளுது?”

இந்தக் கேள்வி எங்களுக்குப் புதிதல்ல. விளையாடுபவர்கள் பலர் எழுதிக் கேட்டிருக்கிறார்கள். எங்கள் மென்பொருள் உள்ள கேம்களில், கீழே வைத்த பொருள்கள் எல்லாம் மெல்ல ஒரே திசைக்கு நகர்வதாகச் சொன்னார்கள். ஏதோ கண்ணுக்குத் தெரியாத காற்று என்று அதற்கு அவர்களே பெயரும் வைத்திருந்தார்கள். ஒரு பேய் கேமில், காலி அறையில் ஒரு பாட்டில் தானாக உருண்டு போவதைப் பார்த்து நடுங்கிப்போய், அதற்கு விருதே கொடுத்தார்கள். விருதை வாங்கிய கேம் கம்பெனிக்கும் பாட்டில் ஏன் உருண்டது என்று தெரியாது, வாங்கி வைத்துக்கொண்டார்கள். எங்களுக்கு வந்த கடிதங்களுக்கெல்லாம் நாங்கள் பொறுப்பாகவே பதில் எழுதினோம். ஒவ்வொரு முறையும் மேசையில் ஒரு பென்சிலை வைத்துப் பார்ப்போம். பென்சில் உருளும். ‘நிஜ வாழ்க்கையிலும் அப்படித்தான்’ என்று எழுதிவிடுவோம். அறிவியல் முறைப்படி இதற்கு மேல் என்ன செய்ய முடியும்?

மேடத்திடமும் மோதல் அதையே சொன்னார்.

மேடம் டீக்கோப்பையைக் கீழே வைத்தார். “மேடம்,” என்றார் அண்ணியிடம், “தட்டையான தரையில வச்ச பந்து நிக்கணும். உங்களுது நிக்கல. காரணம் தெரியாம நான் கையெழுத்து போட முடியாது. சாயங்காலம் வரைக்கும் இருக்கேன், பாருங்க. கிடைக்கலேன்னா வருத்தப்படாதீங்க. நாங்க வேற கம்பெனி பார்த்துக்கறோம்.”

அண்ணி சரி என்றார். குரல் மாறவில்லை. ஆனால் அவருடைய திரையின் ஓரத்தில் அந்தக் கைப்பிடித் துளிகள் ஓடிக்கொண்டிருந்ததை மூடிவிட்டார். அதை அவர் மூடி நான் பார்த்ததில்லை.

தேடினோம். எட்டுப் பேரும் ஆளுக்கொரு பக்கமாகப் பிரித்துக்கொண்டு, வரி வரியாகத் தேடினோம். தவறான ஓர் எண் எங்கேயாவது உட்கார்ந்திருக்கும், பிடித்துவிடலாம் என்று நினைத்தோம். அப்படி ஒன்று இல்லவே இல்லை. எல்லா எண்ணும் நல்ல எண்தான். எல்லாவற்றையும் மோதல் படத்தோடு ஒப்பிட்டுத் திருகியிருந்தார். நல்ல பிள்ளைகள் நிறைந்த வீட்டில் திருட்டுப் போனது போல இருந்தது.

“எல்லாம் படத்தோட சரியா இருக்கு மேடம்” என்றார் மோதல், அழாத குறையாக.

சரி, உட்கார்ந்து பேசுவோம் என்றார் மேடம். அதுவரை அவர் ஜன்னல் திண்டில் சாய்ந்து நின்றபடிதான் இருந்தார். அண்ணன் பதறிப்போய்த் தன் நாற்காலியை வாசல் பக்க மேசைக்கு முன்னால் கொண்டுவந்து போட்டார். அந்த அறையில் இருந்ததிலேயே நல்ல நாற்காலி அது. விருந்தாளி உட்காரப்போகிறார் என்று துணியால் துடைத்தார். சக்கரத்தின் அடியில் இருந்த அட்டை கறை படிந்து அசிங்கமாக இருந்தது. அதை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

மேடம் உட்கார்ந்தார். “நான் என்ன சொல்ல வர்றேன்னா,” என்று ஆரம்பித்தார், “ஒரு பொருள் காரணமில்லாம நகரக் கூடாது. அடிப்படையே அதுதான். நீங்க இவ்வளவு நல்ல வேலை பண்ணியிருக்கீங்க. ஆனா இந்த ஒரு விஷயத்துல…”

இதைச் சொல்லும்போதே அவர் கிளம்பிவிட்டார். முதலில் மேசையை விட்டு ஒரு சாண். அப்புறம் ஒரு முழம். பேச்சை நிறுத்தவில்லை, தூரம் கூடக்கூடக் குரலை மட்டும் அதற்கேற்ப உயர்த்தினார். கௌரவம் என்றால் அதுதான். அவருடைய முகம் எங்களைப் பார்த்தபடியே, நிதானமாக, ஒரே திசையில் போய்க்கொண்டிருந்தது. நாங்கள் எட்டுப் பேரும் பழக்க தோஷத்தில் ஒரே குரலில் சொன்னோம்:

“காலை ஊனிக்குங்க மேடம்!”

அவர் ஊன்றுவதற்குள் ஜன்னல் வந்துவிட்டது. நாற்காலி சுவரில் மெல்ல முட்டி நின்றது.

கீழே டைல்ஸ் கடையில் யாரோ விலை கேட்பது கேட்டது. அண்ணி மோதலைப் பார்த்தார். மோதல் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் தன் கையிலிருந்த அட்டையைப் பார்த்தார்.

எங்கள் உடம்புக்கெல்லாம் அது தெரியும். பேனாவுக்கு அணை, சக்கரத்துக்கு அட்டை, ஜன்னல் பக்கம் போகும்போது குதிகாலில் ஒரு பிடி. எங்கள் தலைக்குத்தான் தெரியவில்லை. அந்தத் தரையில் நின்று, அந்தத் தரையிலேயே கேமராவையும் நிறுத்தி, அங்கே விழுந்து உருண்டதையெல்லாம் உலகத்தின் இயல்பு என்று எழுதி, ஊர் ஊராக விற்றிருக்கிறோம்.

அண்ணி மேசையிலிருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்தார். மூடியைத் திறந்தார். வாசல் பக்கம் போய் அப்படியே தரையில் கவிழ்த்தார்.

அந்த அறையில் தண்ணீர் சிந்தினால் அதற்கென்று ஓர் ஒழுங்கு உண்டு. வாசல் பக்கத்திலிருந்து ஒவ்வொருவராகக் காலைத் தூக்குவோம். வேலையை நிறுத்த மாட்டோம். கால் மட்டும் மேலே போகும், தண்ணீர் போனதும் இறங்கும். கடைசியில் ஜன்னலடியில் பிளக் போர்டு இருக்கும். அதைத் தூக்குவது மோதலின் பொறுப்பு. அன்றும் அப்படியே நடந்தது. தண்ணீர் ஒரு மேசையைச் சுற்றி, அண்ணனின் செருப்பை நனைத்து, கோடு கிழித்தது போல ஓடி, ஜன்னல் மூலைக்கு வந்தது. நாற்காலியில் இருந்த மேடமும் காலைத் தூக்கினார். மோதல் பாய்ந்து பிளக் போர்டைக் கையில் ஏந்திக்கொண்டார்.

“தப்பு கிடைச்சிருச்சு மேடம்,” என்றார் அண்ணி. “நீங்க அது மேலதான் வந்து சேர்ந்தீங்க.”

டைல்ஸ்காரரைக் கூப்பிட்டோம். கட்டடம் அவருடையது. கோணல் என்ற வார்த்தையைக் கேட்டதும் ரசமட்டத்தை எடுத்துக்கொண்டு சண்டைக்கு வருவது போல ஏறி வந்தார். “என் கட்டடமா? கோணலா?” தரையில் வைத்தார். குமிழி நடுவில் நிற்காமல் ஒரு ஓரத்துக்கு ஓடிப்போய் ஒட்டிக்கொண்டது. கொஞ்ச நேரம் தாடையைச் சொறிந்தார்.

“இது கோணல் இல்லீங்க. வாட்டம்” என்றார். “முதல்ல இது மொட்டை மாடி. மழைத்தண்ணி தேங்காம ஓடணும்ல, அதுக்கு நானே நின்னு வாட்டம் விட்டு பூசினது. அந்த ஜன்னல் மூலையில ஓட்டை இருந்துச்சு. அப்புறம் சுவர் எழுப்பி வாடகைக்கு விட்டப்போ ஓட்டையை அடைச்சிட்டேன். தரையை மட்டம் பண்ண மறந்துட்டேன். ஏன், நீங்க யாரும் இத்தனை நாளா சொல்லவே இல்லையே?”

“எங்களுக்கு அப்படித் தெரியலண்ணே” என்றார் அண்ணன்.

“தெரியலையா? மேல வந்தா எனக்கே காலு தானா ஜன்னலுக்குப் போகுது!”

மேடம் சிரித்தார். அதுதான் முதல் தடவை. ஆனால் காலை இன்னும் இறக்கவில்லை. “காரணம் தெரிஞ்சிருச்சு, சந்தோஷம்” என்றார். “இனி அதை எடுத்துட்டுக் கொடுங்க. அப்புறம் கையெழுத்து.”

எடுப்பது என்றால், எல்லாவற்றையும் மறுபடி மட்டமான தரையில் போட்டு அளக்க வேண்டும். தெருவிலேயே மட்டமான தரை டைல்ஸ் கடையுடையதுதான். வாஷ்பேசின்களுக்கும் கம்மோடுகளுக்கும் நடுவில் ஸ்டூலைப் போட்டு, அண்ணன் ஆரம்பத்திலிருந்து எல்லாவற்றையும் போட்டார். தட்டு, நாற்காலி, டயர், மூட்டை. வந்த வாடிக்கையாளர்கள் மிரண்டார்கள். டைல்ஸ்காரர் சாமர்த்தியசாலி. “நம்ம டைல்ஸ் எவ்வளவு தாங்குதுன்னு டெஸ்ட் பண்றாங்க” என்று சொல்லிவிட்டார். அந்த மாதம் அவருக்கு நல்ல வியாபாரம். அண்ணன் போட்ட ஒவ்வொன்றும் விழுந்த இடத்திலேயே நின்றது. ஒவ்வொரு தடவையும் அண்ணன் ஸ்டூலிலிருந்து இறங்காமல், அது இன்னும் ஏதாவது செய்யுமா என்று கொஞ்சம் காத்திருந்து பார்ப்பார். செய்யாது. “ஏதோ செத்த மாதிரி கிடக்குடா” என்றார் என்னிடம்.

மோதல் எல்லா எண்ணையும் மறுபடி திருகினார். பந்து நின்றது. அப்புறம்தான் ஒரு பழைய கேமைப் புது எண்களோடு போட்டுப் பார்த்துவிட்டு ஓடி வந்தார். அந்தக் கேமில் ஒரு பாதாள அறை. அங்கே ஒரு பீப்பாயைத் தள்ளாமல் வெறுமனே விட்டுவைத்தால், அது தானாக உருண்டு போய்க் கதவின் விசையை அழுத்தும். கேம் கம்பெனிக்காரர்கள் அந்தக் கண்ணுக்குத் தெரியாத காற்றை நம்பியே அந்தப் புதிரைக் கட்டியிருக்கிறார்கள். இப்போது பீப்பாய் நகரவில்லை. உள்ளே போனவன் உள்ளேயேதான்.

“பாவம் அண்ணி, அவன் வெளிய வரவே மாட்டான்” என்றார் மோதல். அவருக்குக் கண் கலங்கியிருந்தது. அவர் யாருக்கும் வழி விடுகிற மனிதர். ஒருவனை அடைத்துவைப்பது அவரால் தாங்க முடியாது.

அண்ணி மேடத்துக்குப் போன் செய்தார். இருவரும் பல மேடம்கள் பேசினார்கள். கடைசியில் மென்பொருளில் ஒரு சுவிட்ச் வைப்பது என்று முடிவானது. புதிய கேம்களுக்கு அணைத்திருக்கும், பழைய கேம்களுக்குத் தானாக எரியும். சுவிட்சுக்குப் பெயர் வைக்கச் சொன்னார்கள். அண்ணி ‘வாட்டம்’ என்று வைத்தார். அது இன்னும் அந்தப் பெயரிலேயே இருக்கிறது. அந்தக் கார்டு உள்ள கம்ப்யூட்டர் எங்கே இருந்தாலும், அதற்குள் எங்காவது ஒரு மூலையில் டைல்ஸ்காரரின் பூச்சு வேலை இருக்கிறது. அவரிடம் சொன்னோம். “அதுக்கு வாடகை உண்டா?” என்று கேட்டார்.

கையெழுத்தானது. இடம் மாறினோம். டிரம்மைத் தூக்கிப்போட மனம் வராமல் அண்ணன் அதையும் வண்டியில் ஏற்றினார். புது இடத்தின் வாசலில் காவலர் அதற்கு என்ன பெயர் எழுதுவது என்று தெரியாமல் ‘ஆவணங்கள்’ என்று எழுதிக்கொண்டு உள்ளே விட்டார். மேடம் எங்கள் பிரிவுக்கே தலைவராக வந்தார். அண்ணனுக்குத் தட்டு போடத் தனி அறை கொடுத்தார்கள். கண்ணாடி போட்ட அறை, உயரத்தைச் சொன்னால் தானே ஏறி இறங்கும் மேடை. அண்ணன் அதில் ஏறவில்லை. ஸ்டூல் கேட்டு வாங்கிக்கொண்டார்.

போன மாதம் எனக்குப் பல்வலி. அந்தத் தெருவில் ஒரு நல்ல பல் டாக்டர் வந்திருக்கிறார் என்றார்கள். போய் நின்ற பிறகுதான் தெரிந்தது, டைல்ஸ் கடையின் மேல்மாடி. அதே படிக்கட்டு. அதே ஜன்னல். நாற்காலியில் சாய்ந்து, வாயைத் திறந்து வைத்திருக்கும்போது, டாக்டர் எதையோ எடுக்கத் திரும்பினார். என் சட்டைப்பையில் பென்சில் இருந்தது. கையைக் கீழே விட்டு, சத்தமில்லாமல் தரையில் வைத்தேன்.

பென்சில் நின்றது.

“என்ன தேடறீங்க?” என்றார் டாக்டர்.

வாய் நிறையப் பஞ்சு. ஒன்றுமில்லை என்று தலையாட்டினேன்.

வெளியே வரும்போது டைல்ஸ்காரர் கல்லாவிலிருந்து கூப்பிட்டார். “மட்டம் பண்ணிட்டேன் பார்த்தீங்களா? டாக்டரம்மா முதல் நாளே ரசமட்டம் கேட்டாங்க. நீங்க இத்தனை வருஷம் இருந்தீங்க, ஒரு வார்த்தை கேக்கல.” அவர் குறையாகச் சொன்னாரா, பாராட்டாகச் சொன்னாரா என்று எனக்குப் புரியவில்லை. பாதி முகம் மரத்துப்போயிருந்ததால், அதற்கு ஏற்ற முகபாவத்தையும் காட்ட முடியவில்லை.

அலுவலகத்துக்குத் திரும்பினால் எல்லோரும் அண்ணியின் மேசையைச் சுற்றி நின்றிருந்தார்கள். தண்ணீர் தயாராகிவிட்டது. இடம் மாறியதிலிருந்து அண்ணி வேறு எதையும் தொடவில்லை. செங்கல், பீப்பாய் எல்லாம் மற்றவர்களுக்கு. அவர் அந்தக் கணக்கை அந்தக் குட்டிக் கணக்குப்பிள்ளைகளுக்கு ஏற்றபடி பிரித்துப் பிரித்து எழுதிக்கொண்டே இருந்தார். திரையில் சுற்றிலும் சுவர் வைத்த ஒரு வெற்றுத் தரை, அதன் மேல் ஒரு வாளி. பெரிய திரை, ஆளுயரம். எல்லோரும் நாற்காலிகளை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தோம். மேடமும் வந்து ஓரமாக உட்கார்ந்தார்.

அண்ணி வாளியைக் கவிழ்த்தார்.

தண்ணீர். நான் துணி தைத்துச் சாயம் போட்ட கடல்கள் எல்லாம் அந்த ஒரு வாளிக்கு முன்னால் வேட்டியை அவிழ்த்துவிட்டு ஓடியிருக்கும். தெறித்தது, தளும்பியது, ஒன்றன் மேல் ஒன்று ஏறி இறங்கியது. கார்டின் விசிறிகூட முனகவில்லை. யாரோ கைதட்டினார்கள். அப்புறம் தண்ணீர் அழகான ஒரு வட்டமாகப் பரவி, நின்றது.

அண்ணி பார்த்துக்கொண்டே இருந்தார். கைதட்டல் மெல்ல அடங்கியது.

“எங்கயும் போகலையே” என்றார்.

“தட்டையான தரை மேடம்” என்றார் மேடம். “நிக்கத்தானே செய்யும்?”

“ஆமா மேடம். சரிதான்.”

ஆனால் அண்ணியின் முகம், வாங்கிய புடவை பெட்டிக்குள் வேறு நிறத்தில் இருந்தால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. அண்ணன் அதைக் கவனித்தார். தொண்டையைக் கனைத்தார். “அந்த சுவிட்சைப் போட்டுப் பாரேம்மா.”

“அது பழைய கேமுக்குங்க.”

“போட்டுத்தான் பாரேன்.”

அண்ணி தயங்கினார். மேடத்தைப் பார்த்தார். மேடம் தலையாட்டினார். அண்ணி ‘வாட்டம்’ சுவிட்சைப் போட்டு, வாளியை மறுபடி கவிழ்த்தார்.

விழுந்த தண்ணீர் ஒரு கணம் யோசித்தது. பிறகு நாக்கு நீட்டியது. அதிலிருந்து ஒரு கோடு பிரிந்து, தரையைத் தடவித் தடவி, திரையின் மூலையை நோக்கிப் புறப்பட்டது. அவசரமில்லாமல், வழி தெரிந்தது போல. எங்களை நோக்கித்தான் வந்தது. இந்த வேகம் எனக்குத் தெரியும். இந்நேரம் முதல் மேசையைத் தாண்டியிருக்கும். இந்நேரம் அண்ணனின் செருப்பு.

அண்ணன் காலைத் தூக்கினார். அடுத்து நான். அப்புறம் ஒவ்வொருவராக. திரை திரையாகத்தான் இருந்தது. தரை பளபளவென்று காய்ந்துதான் இருந்தது. இருந்தும் ஒருவரும் காலை இறக்கவில்லை. புதிதாகச் சேர்ந்தவர்கள் எங்களை விசித்திரமாகப் பார்த்தார்கள். ஓரத்தில் பார்த்தேன், மேடமும் தூக்கிவைத்திருந்தார். அவருக்கே தெரிந்திருக்காது.

“பிளக் போர்டு!” என்று அண்ணி கத்தினார்.

மோதல் நாற்காலியிலிருந்து பாய்ந்துவிட்டார். பாய்ந்த பிறகுதான், தூக்குவதற்கு அங்கே ஒன்றும் இல்லை என்று தெரிந்து, வெறும் கைகளோடு திரையின் முன்னால் நின்றார்.

திரையில் தண்ணீர் மூலைக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கே போக இடமில்லாமல், சுவரோரமாகத் தேங்கி, மெல்ல உயர ஆரம்பித்தது.

அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டு விசைப்பலகையை இழுத்தார்.

“உட்காருங்க மோதல்” என்றார். “அந்த மூலையில ஒரு ஓட்டை போடணும்.”